மை கொட்டிய படம்

வோல்கா ஆற்றங்கரையில் வெர்க்னி-யார் என்ற ரஷ்ய ஊரின் நாடக அரங்கில், மேடையின் விளிம்பில் நடுவாக ஒரு சின்னக் குழி உண்டு. பார்வையாளர் பக்கம் ஒரு மரக்கூடு அதை மறைத்திருக்கும். நினெல் ஸ்தெபானவ்னா முப்பத்து நான்கு வருஷம் அந்தக் குழிக்குள் உட்கார்ந்து, வசனம் மறந்துபோன நடிகர்களுக்கு எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கு முன்னால் அவளுடைய அம்மா தைஸியா, ஆற்றங்கரைத் தொழிலாளர் மன்றத்தில் அதே வேலையைப் பார்த்தாள். பரம்பரைத் தொழில் என்று மார்தட்டிக்கொள்ள ஒன்றுமில்லை. கைதட்டல் வரும்போது எழுந்து நிற்க முடியாத வேலை அது.

அந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. எடுத்துக் கொடுப்பவள் தன் சொந்த வார்த்தை ஒன்றுகூடப் பேசக் கூடாது. மேடையே தீப்பிடித்தாலும் புத்தகத்தில் இருப்பதைத்தான் சொல்ல வேண்டும். ஒருமுறை ஒரு பெரிய நடிகர் குடித்துவிட்டு வந்து, மூன்றாம் அங்கத்தில் வேறொரு நாடகத்தின் வசனத்தை முழங்க ஆரம்பித்துவிட்டார். நினெல் பதறவில்லை. அந்த வேறு நாடகத்தையே அவருக்கு மனப்பாடமாக எடுத்துக் கொடுத்து, நைசாக வளைத்து இழுத்து, கால் மணி நேரத்தில் இந்த நாடகத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தாள். சனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள், அவருக்கு.

குழிக்குள்ளிருந்து பார்த்தால் முகம் சரியாகத் தெரியாது. முகத்தைப் பார்க்கக் கழுத்தை வளைத்தால் புத்தகத்தில் வரி தவறிவிடும். அதனால் இந்த வேலையில் இருப்பவர்களுக்கு மனிதர்கள் என்றால் முதலில் கால்தான். ஊர்ச் சந்தையில் எதிரே வருபவரை நினெல் நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்னாலேயே பூட்ஸை வைத்து ஆள் யார் என்று சொல்லிவிடுவாள். இந்தக் குணம் அவளுக்கு அம்மாவிடமிருந்து வந்தது.

அதே அரங்கில் உடை அறைப் பொறுப்பாளராக இருந்தவள் ரிம்மா வலெரியானவ்னா. ஒரே வாசல், ஒரே தாழ்வாரம், தேநீர் போட ஒரே கெட்டில். இருந்தும் இருபத்தாறு வருஷமாக ரிம்மா நினெலிடம் முகம் கொடுத்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச வேண்டியதையெல்லாம் மேடைப் பொருள்களைக் கவனித்த கேஷா மூலமாகத்தான் சொல்லுவாள்.

"கேஷா, வசனக்காரி அம்மாகிட்டச் சொல்லு. குழியில கெடக்கற கம்பளிச் சால்வை என் அறையோடது. நாளைக்குள்ள வந்தாகணும்."

நினெல் இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பாள்.

"துவைச்சுத் தரேன்னு சொல்லு, கேஷா."

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது?" என்று கேஷா தலையில் அடித்துக்கொள்வான். "இருபத்தாறு வருஷமா தபால்காரன் வேலை பாக்கறேன். ரிம்மா வலெரியானவ்னா, ஒரு தபால்காரத் தொப்பியாவது தெச்சுக் குடுங்க."

காரணம் ஊருக்கே தெரியும். ரிம்மாவின் அப்பா வலெரியான் துமானவ் நீராவிப் படகில் மெக்கானிக். பனிக்காலத்தில் வோல்கா உறைந்து படகுகள் கரையில் படுத்துவிட்டால் அவருக்கு மன்றத்து நாடகம்தான் உலகம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் பிப்ரவரியில் ரகசியப் போலீஸார் அவரை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. ரிம்மா ஜூன் மாதம் பிறந்தாள். அதற்குள் அவள் அம்மா பயந்துபோய், வீட்டிலிருந்த படங்களையெல்லாம் அடுப்பில் போட்டுவிட்டு, வயிற்றுப் பிள்ளையோடு அக்கா ஊருக்கு ஓடிவிட்டாள். பதினெட்டு வருஷம் கழித்துத்தான் திரும்பினாள்.

ஆக, ரிம்மாவுக்குத் தன் அப்பாவின் முகம் தெரியாது. சின்ன வயதில் நச்சரித்துக் கேட்டிருக்கிறாள். மூக்கு எப்படி என்றால், மூக்கு மாதிரிதான் இருந்தது என்பாள் அம்மா. கண் எப்படி என்றால் அழ ஆரம்பித்துவிடுவாள். ஒரே ஒரு தகவல்தான் தேறியது. "காது மட்டும் அப்படியே உன் காது. முறம் மாதிரி." அன்றிலிருந்து ரிம்மா தலைக்குட்டை இல்லாமல் வெளியே வந்ததில்லை.

ஊரில் மிஞ்சியது ஒரே ஒரு படம். மன்றத்து நாடகக் குழு எடுத்துக்கொண்ட படம், அது தைஸியாவிடம் இருந்தது. அதே பொதுக் குடியிருப்பில் பக்கத்து அறையிலிருந்த மார்ஃபா ஒருநாள் உப்புக் கேட்கப் போனபோது, திறந்திருந்த அலமாரிக் கதவின் உள்பக்கம் அதைப் பார்த்துவிட்டாள். முகங்களில் மை. அந்தக் காலத்தில் இதற்கு விளக்கம் யாரும் கேட்க மாட்டார்கள். ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால், வீட்டு ஆல்பத்திலும் பள்ளிப் புத்தகத்திலும்கூட அவர் முகத்தில் மை பூசுவார்கள், இல்லாவிட்டால் கத்தரித்து எடுப்பார்கள். மார்ஃபாவின் வாய்க்கு அது போதாதா? மை பூசியவள்தான் போலீஸுக்கு எழுதிக் கொடுத்தவளும் என்று பேச்சு கிளம்பியது. இல்லாவிட்டால் புருஷன் போரில் செத்த ஒண்டிக்காரிக்கு ஜன்னல் வைத்த அறை எப்படி மிஞ்சும் என்று கேட்டார்கள்.

ஐம்பத்தாறில் ரிம்மாவின் அம்மா ஊர் திரும்பிய முதல் வாரம், சந்தை வழியில் தைஸியாவை மறித்து அவள் காலடியில் காறித் துப்பினாள். அப்போது இருபது வயது நினெல், அம்மாவுக்கு நேல்யா, பக்கத்தில் நின்றாள். தைஸியா குனிந்த தலை நிமிராமல் நின்றாள். அந்தப் பெண் போன பிறகு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"பூட்ஸ் நனஞ்சிருக்கு அவளுக்கு. அடிப்பாகம் விட்டுப்போச்சு. பாவம்."

அன்று சாயங்காலம் பொதுச் சமையலறையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து நினெல் நேருக்கு நேர் கேட்டாள்.

"அம்மா, நீ எழுதிக் குடுத்தியா?"

தைஸியா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். தோல் ஒரே சுருளாக வந்து விழுந்தது.

"புத்தகத்துல இல்லாததை நான் பேசறதில்ல, நேல்யா. அந்தச் சட்டியை நகர்த்து."

அதற்குப் பிறகு இருபத்து மூன்று வருஷம் அம்மா உயிரோடு இருந்தாள், இந்தப் பேச்சு மட்டும் திரும்ப வரவில்லை. எழுபத்தொன்பதில் அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த நினெல், அலமாரிக் கதவிலிருந்து படத்தைக் கழற்றிச் சுவரில் மாட்டினாள். அன்பினால் என்று சொல்ல முடியாது, பாதிக்கு மேல் வீம்பு. யார் என்ன சொன்னாலும் என் அம்மா என்கிற வீம்பு. ஆனால் அதன் எதிரே உட்கார்ந்து சாப்பிட அவளால் முடியவில்லை. நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

படத்தில் பதினோரு பேர். புத்தாண்டுக்குக் குழந்தைகளுக்காகப் போட்ட ஒரு ராஜா கதை. ஊர் ஊராகச் சுற்றும் ஒரு புகைப்படக்காரன் நாடகம் முடிந்ததும் எடுத்துக் கொடுத்த ஒரே பிரதி. தைஸியா அதில் இல்லை. வழக்கம்போல அவள் எங்கேயோ கீழே உட்கார்ந்திருந்திருப்பாள். ஆறு முகங்களில் ஊதா மை. ஐந்து முகங்கள் சுத்தமாக இருந்தன. நினெல் குழந்தையாக இருந்தபோது அலமாரிக்குள் தலையை விட்டு அந்த ஐந்து பேரோடும் பேசியிருக்கிறாள், பெயரும் வைத்திருக்கிறாள். அட்டைக் கிரீடம் வைத்து, ஒட்டுத்தாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரிப்பவர் அவளுக்கு 'என் ராஜா'. வளர்ந்த பிறகு, பிழைத்துக்கொண்ட ஐந்து அதிர்ஷ்டசாலிகள் என்று அவர்களைப் பற்றி நினைத்துக்கொண்டாள். தூசி துடைக்கும்போது மைக்குள் ரேகைகள் தெரியும். அம்மாவின் சுண்டுவிரல் என்று அவளுக்குத் தோன்றும், உடனே துடைப்பதை நிறுத்திவிடுவாள்.

தொண்ணூறுகளில் சட்டம் மாறியது. பிடித்துக்கொண்டு போனவர்களின் பிள்ளைகள் பழைய கோப்புகளைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம் என்றார்கள். தொண்ணூற்று நான்கு மார்ச்சில் ரிம்மாவுக்கு மாநகரிலிருந்து அனுமதிக் கடிதம் வந்தது. நாற்பது வருஷம் ஊசியில் நூல் கோத்து ரிம்மாவின் கண் போய்விட்டிருந்தது. சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டும் கையெழுத்துப் படிக்க முடியாது. கடிதத்தை மடித்து மார்பில் செருகிக்கொண்டு அவள் மேடைக்கு வந்தாள். நினெல் குழிக்குள் விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"கேஷா, வசனக்காரி அம்மாகிட்டச் சொல்லு. வர்ற வியாழக்கிழமை எங்கூட மாநகருக்கு வரணும். எங்கப்பா ஃபைலைப் படிக்கணும். கிறுக்கல் எழுத்தெல்லாம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடுதானே? அவ அம்மா எழுதுன கடுதாசியை அவளே வாயால படிக்க நான் கேக்கணும்."

கேஷா முதல்முறையாகச் செய்தியைத் திருப்பிச் சொல்லவில்லை. கையிலிருந்த மெழுகு ஆப்பிளைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"வரேன்னு சொல்லு, கேஷா" என்றது குழி.

வீட்டுக்குப் போன நினெல் கோட்டைக் கழற்றாமல் படத்தின் எதிரே நின்றாள். தெரியாமலே செத்துப்போனால் நிம்மதி என்று ஒரு பக்கம், தெரிந்து தொலைத்தால் நிம்மதி என்று இன்னொரு பக்கம். அம்மா எழுதியிருந்தால் என்ன செய்வது? சுவரிலிருந்து படத்தைக் கழற்றலாம். அம்மாவின் கல்லறைக் கம்பிக்கு ஒவ்வொரு வசந்தத்திலும் நீல வர்ணம் அடிப்பாளே, அதை நிறுத்த முடியுமா? முடியாது என்று அவளுக்கே தெரியும். அதுதான் அவளை வதைத்தது. அம்மா கெட்டவள் என்று தெரிந்த பிறகும் நேசிக்க வேண்டியிருக்குமோ என்று பயந்தாள்.

பேருந்தில் மூன்று மணி நேரம். வோல்காவில் பனி உடைந்து பாளம் பாளமாக நகர்ந்துகொண்டிருந்தது. இருவரும் நடைபாதைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்தார்கள். ரிம்மா அவித்த முட்டையை உரித்தாள். வண்டி ஒரு பள்ளத்தில் குதித்ததில் உப்புப் பொட்டலம் கொட்டிவிட்டது. உப்பு கொட்டினால் சண்டை வரும் என்று, அவள் பழக்கதோஷத்தில் ஒரு சிட்டிகை எடுத்து இடது தோளுக்குப் பின்னால் வீசினாள். அது நேராக நினெலின் மடியில் விழுந்தது. இனிமேல் புதிதாகச் சண்டை போட என்ன இருக்கிறது? நினெல் மடியை உதறிவிட்டுத் தன் உப்புப் பொட்டலத்தை நடுவில் நீட்டினாள். ரிம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு உப்பில்லாமல் சாப்பிட்டாள்.

படிப்பறையில் ஒரு நீள மேஜை, ஒரு விளக்கு. கண்காணிப்பதற்கு ஓர் அம்மாள், கம்பளிக் காலுறை பின்னிக்கொண்டு. பேனா கூடாது, பேச்சு கூடாது. அடுத்தவர்களைப் பற்றிய பக்கங்களைத் தாள் வைத்துக் கட்டியிருந்தார்கள். கோப்பு அப்படியொன்றும் தடியாக இல்லை. ஒரு மனிதனை இல்லாமல் ஆக்க அறுபது பக்கம் போதுமானதாக இருந்திருக்கிறது.

நினெல் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வழியில் ஆரம்பித்தாள். உதடு அசையாமல், தொண்டையிலிருந்து, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் எட்டும் அந்தக் குழிக்குரலில். காவல் அம்மாளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ரிம்மாவுக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

"'புத்தாண்டு நாடகத்தில் துமானவ் ராஜா வேஷம் போட்டு, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். குழந்தைகள் கைதட்டினார்கள். ஒரு சிறுமி, ராஜா மாமா நாளைக்கும் வாங்க என்று கத்தினாள். இவ்விதமாக, புரட்சியில் ஒழிக்கப்பட்ட ராஜாவின் மேல் பாசம் வளர்க்கப்பட்டது. மேலும், என்னிடம் இரவல் வாங்கிய மண்ணெண்ணெய் விளக்கை அவர் இதுவரை திருப்பித் தரவில்லை.'"

"விளக்கா?" என்றாள் ரிம்மா.

"விளக்குன்னுதான் போட்டிருக்கு."

"யாரு எழுதுனது? கையெழுத்தைப் படி."

நினெலின் கண் தாளின் அடிக்குப் போக மறுத்தது. பிடித்து இழுத்துக் கொண்டுபோனாள்.

"'மன்றத்துத் தீயணைப்புக் காவலர், பாவெல் குத்யாகின்.'"

நினெலின் நெஞ்சிலிருந்து முப்பத்தெட்டு வருஷத்துப் பாறை ஒன்று உருண்டு இறங்கியது. அது இறங்கிய வேகத்தில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. எங்கம்மா இல்லை. எங்கம்மா இல்லை. வாய் திறந்து சொல்ல முடியாமல் கைக்குட்டைக்குள் இருமினாள்.

"இருமுனது போதும்" என்றாள் ரிம்மா. குரல் இறங்கியிருந்தது, ஆனால் விடவில்லை. "எழுதலேன்னா என்ன? எங்கப்பா மூஞ்சில மையைப் பூசுனா இல்ல? படி, இன்னும் இருக்கு."

விளக்கைப் பற்றிக் கேட்டதிலிருந்தே அவள் கேஷா நடுவில் இல்லாமல் பேசிக்கொண்டிருந்தாள், இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை.

நினெல் பக்கங்களைப் புரட்டினாள். துமானவின் வாக்குமூலம் ஐந்து தடவை எடுக்கப்பட்டிருந்தது. ஐந்திலும் கடைசி வரி ஒன்றுதான்: 'மற்றவர்களின் பெயரைச் சொல்ல மறுக்கிறார்.' அதை அவள் ஐந்து தடவையும் படித்தாள். ரிம்மா ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தாள். பிறகு, 'சாட்சி: தைஸியா' என்று வந்தது. நினெல் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தொடர்ந்தாள்.

"'கேள்வி: படத்தில் பதினோரு பேர் நின்றதாகத் தெரிகிறது. ஐந்து பேரைப் பிடித்துவிட்டோம். மீதி ஆறு பேரும் பனிக்காலத்துக்கு மட்டும் கரையில் தங்கிய படகுக்காரர்கள். தீயணைப்புக் காவலர் புதியவர், அவர்களை வேஷத்தில்தான் பார்த்திருக்கிறார். அந்த ஆறு பேர் யார்? பதில்: தெரியாது. நான் குழிக்குள் இருப்பவள். எனக்குக் கால் மட்டும்தான் தெரியும். கேள்வி: அப்படியானால் கால்களைச் சொல். பதில்: ஒருவருக்கு வலது பூட்ஸில் ஓட்டை. ஒருவர் கால் பெரிது. கரடிக்குப் பூட்ஸ் இல்லை, பாதம். அதை நான்தான் பஞ்சு வைத்துத் தைத்தேன்.'"

ரிம்மாவின் வாய்க்கோடு லேசாக நெளிந்தது. அவள் அதை இறுக்கிக்கொண்டாள்.

"'கேள்வி: நாளை படத்தோடு வா.' இது மறுநாளோடது. 'கேள்வி: ஆறு முகங்களில் மை எப்படி வந்தது? பதில்: என் மகள் மைக்கூட்டைக் கவிழ்த்துவிட்டாள். கேள்வி: மகளுக்கு என்ன வயது? பதில்: ஒன்றே முக்கால். கேள்வி: ஒன்றே முக்கால் வயதுக் குழந்தை ஆறு முகத்தை மட்டும் பார்த்து மை கொட்டியதா? பதில்: கெட்ட குழந்தை. அடித்திருக்கிறேன்.'"

நினெல் நிறுத்தினாள். "அது நான்" என்றாள், தன் சொந்தக் குரலில். "ஃபைல்ல நான் இருக்கேன்."

"மேல படி."

"'விசாரணை அதிகாரியின் குறிப்பு: சாட்சி மந்தபுத்தி உள்ளவள். மேற்கொண்டு விசாரிப்பதில் பயனில்லை. படம் அடையாளம் காண உதவாது. உரியவரிடம் திருப்பித் தரப்பட்டது.'"

நாற்பது நாடகத்தை மனப்பாடமாக வைத்திருந்தவளுக்கு மந்தபுத்தி! முதலில் சிரித்தது யார் என்று பிற்பாடு இருவரும் சண்டை போட்டுக்கொண்டார்கள். சிரிப்பு அடக்க அடக்கப் பொங்கியது. ரிம்மா தலைக்குட்டை நுனியை வாயில் திணித்துக்கொண்டாள்.

காவல் அம்மாள் பின்னலை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "ஏம்மா, இங்க அழறவங்களுக்குத் தண்ணி குடுத்திருக்கேன். சிரிக்கறவங்களுக்கு என்ன குடுக்கறதுன்னு எனக்குத் தெரியலையே."

சிரிப்பின் நடுவிலேயே நினெலின் முகம் மாறியது. அவள் முந்தின பக்கத்துக்குத் திரும்பினாள். ஐந்து பேரைப் பிடித்துவிட்டார்கள். ஆறு பேரைத் தேடினார்கள். படத்தில் மை எத்தனை முகத்தில்?

கோப்பின் கடைசியில் ஒரு சின்ன உறை ஒட்டியிருந்தது. ரிம்மா வந்ததிலிருந்து அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திறக்கட்டுமா?" என்றாள் நினெல்.

ரிம்மா கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள்.

உள்ளே இரண்டு படங்கள், நேர்ப்பார்வையும் பக்கப்பார்வையும். மழித்த தலை, கன்னம் ஒட்டியிருந்தது. கிரீடம் இல்லை, சிரிப்பு இல்லை. ஆனால் கிரீடத்தைத் தாங்கிப் பிடித்த அந்த இரண்டு காதுகள் அப்படியே இருந்தன. அலமாரிக்குள் தலையை விட்டு இந்த மனிதரிடம் அவள் எத்தனை இரகசியம் சொல்லியிருக்கிறாள்! ராஜா வேஷம் என்று தன் வாயாலேயே படித்தும், கையெழுத்து யாருடையதோ என்ற பயத்தில் அது அவள் மண்டையில் ஏறியிருக்கவில்லை.

"ரிம்மா" என்றாள். அப்பா பெயரைச் சேர்த்துச் சொல்லும் மரியாதை வாயில் வரவில்லை. "ரிம்மா, இவரு மூஞ்சில மை இல்ல. ஒரு பொட்டு மைகூட இல்ல. இவரு எங்க வீட்டுச் சுவத்துல சிரிச்சுக்கிட்டு இருக்காரு."

"என்ன சொல்ற நீ?"

"பிடிச்சுட்டுப் போன அஞ்சு பேரையும் அம்மா தொடவே இல்ல. அவங்களை மறைச்சு என்ன ஆகப்போகுது? பிடிபடாத ஆறு பேரைத்தான் மறைச்சிருக்கா. எல்லாரும் தலைகீழாப் பாத்துட்டோம். நான்கூட. பெத்த பொண்ணு நான்கூட."

ரிம்மா படத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு தலைக்குட்டையை அவிழ்த்து மடியில் வைத்துவிட்டு, கையால் தன் காதைத் தடவிப் பார்த்தாள். காவல் அம்மாள் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். இப்போது அவளுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

கடைசித் தாள் ஒரு துண்டுச் சீட்டு. இங்கே பேசியதை வெளியில் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று தைஸியா எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். ஊரே பயம் தெளிந்துவிட்ட ஐம்பத்தாறில் அந்தச் சீட்டுக்கு யார் பயப்பட்டார்கள் என்று கேட்கலாம். அந்த ஆறு பேரும் அப்போது உயிரோடு இருந்திருப்பார்கள். காலம் எப்போது எப்படித் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்? அதற்காகத்தான் காறித் துப்பியபோதும் அவள் நிமிரவில்லை என்று நினெலுக்கு விளங்கியது. விளங்கியதும் அம்மாமேல் கோபமும் வந்தது. எனக்கு மட்டுமாவது சொல்லியிருக்கலாம், பாவி.

திரும்பி வரும் பேருந்தில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். நினெல் முட்டைக்கோஸ் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தாள். ரிம்மா மென்றுகொண்டே சொன்னாள்.

"எங்கம்மா அவங்க கால்ல துப்பிட்டாங்க, நேல்யா."

"தெரியும். நான் பக்கத்துல இருந்தேன்."

"என்ன சொன்னாங்க உங்கம்மா?"

"உங்கம்மாவோட பூட்ஸ் நனஞ்சிருக்குன்னு வருத்தப்பட்டாங்க."

ரிம்மா மீதி அப்பத்தைச் சாப்பிட முடியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். பாளங்கள் விலகி வோல்கா பாதி திறந்துவிட்டிருந்தது. "உப்புக் கம்மி இதுல" என்றாள் கடைசியில்.

"காலையில நீட்டினேன், நீ வாங்கல."

மறுநாள் மதியம் ரிம்மா, தலைக்குட்டை இல்லாமல், ஒரு பெரிய பூதக்கண்ணாடியோடு நினெலின் அறைக்கு வந்தாள். துணைக்குக் கேஷாவையும் இழுத்து வந்திருந்தாள். இருவரும் நேருக்கு நேர் பேசுவதைப் பார்த்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"அப்போ என் வேலை போச்சா?" என்றான்.

நினெல் படத்தைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் மேஜைமேல் வைத்தாள். ரிம்மா பூதக்கண்ணாடியைக் கிரீடக்காரர்மேல் கொண்டுபோய் நிறுத்தினாள். ஐம்பத்தைந்து வயதில் அப்பா சிரிப்பதைப் பார்க்கிறாள். அவருக்கு முப்பத்தொன்று. அவளுடைய பிள்ளை மாதிரி இருந்தார்.

"சிரிக்கறாரு" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். "பல்லெல்லாம் தெரியச் சிரிக்கறாரு, பாரேன்."

"எடுத்துட்டுப் போ, ரிம்மா. இது உன்னோடது."

"வேண்டாம். இங்கயே இருக்கட்டும். ஒரு காப்பி எடுத்துக்கறேன். உங்கம்மா காபந்து பண்ணுன இடத்துல இருக்கட்டும்."

கேஷா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தவன் ஓரத்தில் நின்ற ஆளைக் காட்டினான். உடம்பெல்லாம் கரடித் தோல், கரடித் தலை கக்கத்தில், தன் முகத்தில் மை. கால்களில் பஞ்சு வைத்துத் தைத்த பாதங்கள்.

"எங்கப்பா கரடியா நடிச்சதாச் சொல்வாரு. படகு நின்னுபோன ஒரு பனிக்காலத்துல. குடிச்சுட்டுப் புளுகறாருன்னு நெனச்சேன்." அவன் தொப்பியைக் கழற்றினான். "நான் நாப்பத்தொண்ணுல பொறந்தவன்."

அவன் சொன்னதன் அர்த்தம் மூன்று பேருக்கும் புரிந்தது. நினெல் எழுந்து போய்க் கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு வந்தாள்.

ரிம்மா கண்ணாடியை இன்னும் கீழே வைக்கவில்லை. தையல்காரியின் கண், மங்கினாலும் தையல்காரியின் கண்தான். கரடியின் முகத்து மையை வெகுநேரம் ஆராய்ந்தாள். பிறகு அடுத்த முகம், அதற்கடுத்தது.

"இந்த ரேகை யாரோடது?"

"அம்மாவோட சுண்டுவிரல்."

"பெரியவங்க சுண்டுவிரல் இவ்வளவு சின்னதா இருக்காது. அவரைக்கொட்டை அளவுகூட இல்ல, பாரு." ரிம்மா நினெலின் வலது கையைப் பிடித்து இழுத்து, கட்டைவிரலை மைக்குப் பக்கத்தில் வைத்தாள். பூதக்கண்ணாடியை இரண்டுக்கும் நடுவில் பிடித்தாள். நினெலின் கட்டைவிரலில் ஒரு பக்கமாகச் சாய்ந்த சுழி ஒன்று உண்டு. மைக்குள்ளும் அதே சுழி, அதே சாய்வு, பொடியாக. ஆறு முகத்திலும்.

அம்மா அவளை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் குட்டி விரலைப் பிடித்து மையில் தோய்த்து, ஒவ்வொரு முகமாகத் தேடி அழுத்தியிருக்கிறாள். நாளைக்குக் கேட்டால் சொல்வதற்கு ஓர் உண்மை வேண்டுமே. புத்தகத்தில் இல்லாததை அவள் பேச மாட்டாள், அதனால் முதலில் புத்தகத்தை எழுதி வைத்தாள். நினெலுக்கு மூக்கிலும் கண்ணிலும் நீர் கொட்டியது. அழுகை என்று அதைச் சொல்ல முடியாது, அத்தனை லேசாக இருந்தது உடம்பு. நாற்காலியை இனிமேல் ஜன்னல் பக்கம் திருப்பிப் போட வேண்டியதில்லை.

"நாந்தான் பண்ணியிருக்கேன்" என்றாள். "ஆறு பேரையும் நாந்தான்."

ரிம்மா அவள் கையை விடவில்லை. அந்தக் கட்டைவிரலைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டாள்.

"கெட்ட குழந்தை" என்றாள்.